திருப்பி வைத்த செயின்

அன்புள்ள அருள்,

என் கழுத்தில் இருக்கும் ஐந்து பவுன் செயினை விற்று உன் கிரெடிட் கார்டு கடனை நான் அடைத்துவிட்டால், அது உனக்கு நான் செய்கிற உதவியா, கெடுதலா? புதன்கிழமை நீ போனில் அழுததிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விடை தெரியாத கணக்கைப் போர்டில் எழுதுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன், இன்று அதை மீறுகிறேன். சனிக்கிழமை, பள்ளி இல்லை. அப்பா கடைக்குப் போயிருக்கிறார். போனில் பேசினால் நான் டீச்சர் குரலுக்குப் போய்விடுவேன், நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், வைத்தபிறகு இரண்டு பேருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அதனால் எழுதுகிறேன். எனக்கு உணர்ச்சியைக் காட்டிப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். எழுத்திலும் வராமல் போகலாம். பொறுத்துக்கொள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை நீ முழுதாகக் கேட்கவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு பி பிரிவில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து நான்காவது முறையாக அழைப்பு வந்தது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். ஒரு பையன், உன் வயதுதான் இருக்கும். "அருள் அம்மாவா? உங்க பையன் ரெண்டு மாசமா கார்டுக்கு ஒண்ணும் கட்டல. நீங்க கவர்மென்ட் டீச்சராமே, நாளைக்கு ஸ்கூலுக்கே வந்து எச்.எம். கிட்ட பேசட்டுமா?" என்றான். வாய் பழக்கத்தில் டீச்சராகவே பேசியது. "வாங்க. கேட்டுல வாட்ச்மேன் நோட்டு வெச்சிருப்பாரு. பேரு, கம்பெனி பேரு, இன்னா வேலையா வந்தீங்க, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க" என்றேன். "இன்னா மேடம், காமெடி பண்றீங்களா" என்று வைத்துவிட்டான். திரும்ப வகுப்புக்குள் போய், சைன் எழுத வேண்டிய இடத்தில் காஸ் எழுதினேன். முதல் பெஞ்சுப் பெண் எழுந்து திருத்தினாள்.

அன்று மாலை உன்னிடம் கேட்டபோது "ராங் நம்பரா இருக்கும்மா" என்றாய். மறுநாள் நீயே கூப்பிட்டாய். இரண்டு கார்டு, ஒன்றில் ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம், இன்னொன்றில் எண்பத்தெட்டாயிரம் என்றாய். அப்பாவிடம் சொல்லாதே என்றாய். கயலிடம் எக்காரணம் கொண்டும் சொல்லாதே என்றாய். தை மாதம் நிச்சயதார்த்தம் வைத்திருக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னால் அவள் போய்விடுவாள் என்று அழுதாய். அதற்கு நடுவில் நீ சொன்ன ஒன்றுதான் என்னை உட்கார வைத்தது. "மாசாமாசம் மினிமம் கட்டிக்கிட்டேதாம்மா இருந்தேன். நீ வருஷா வருஷம் பேங்க்ல செயின திருப்பி வெப்பியே, அது மாதிரிதான்னு நெனச்சேன். வட்டியக் கட்டிட்டா கடன் அப்படியே நிக்கும், கையில காசு வர்றப்போ மொத்தமா மீட்டுடலாம்னு." உன்னைத் திட்டுவதற்காக மனதில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அப்போதே போய்விட்டது. நீ யாரிடம் கற்றுக்கொண்டாய் என்பதை அதற்குமேல் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது எனக்கு எளிது. உன் கடன் இரண்டரை லட்சம். உன் கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம், அதாவது எட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். அந்த வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தைந்து. நீ கட்டியது மினிமம், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அதில் அசலில் கழிந்தது இரண்டாயிரத்து நூற்று எழுபத்தைந்து ரூபாய்தான். முப்பத்து நாலாயிரம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிட்டு, அரிசிக்கும் பெட்ரோலுக்கும் திரும்ப அதே கார்டைத் தேய்த்திருக்கிறாய். பழைய பாக்கி இருக்கும்போது வாங்குகிற பால் பாக்கெட்டுக்குக்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பேங்க் என் நகைக்கடனுக்கு ஒரு வருடத்தில் வாங்கியதை உன் கார்டு மூன்று மாதத்துக்குள் வாங்கிவிடுகிறது. இரண்டும் ஒரே மாதிரி என்று நீ நினைத்தது தப்பு. ஆனால் ஒரே மாதிரி என்று நினைக்கும்படி உன்னை வளர்த்தது நான்.

புயலடித்த வருடம் நீ ஏழாம் வகுப்பு. அப்பாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையின் தகரக் கூரை பறந்துபோனது. பழுதுபார்க்க வந்திருந்த மோட்டார்களெல்லாம் நனைந்து வீணாகின. என் செயினை அடகு வைத்துத்தான் கடையைத் திரும்ப எழுப்பினோம். அதுவரை உனக்கும் அப்பாவுக்கும் தெரிந்த கதை ஒன்றுதான். அடுத்த வருடம் அப்பா அறுபதாயிரம் ரூபாயை ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "டீச்சர், மொதல்ல போயி ஒன் செயின மீட்டுக்கினு வா. வெறுங்கழுத்தப் பாக்க நல்லால்ல" என்றார். நான் மீட்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். அதில் கட்டினால் பத்து மாதத்தில் செயினையும் மீட்டு, மேலே கொஞ்சம் கையிலும் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணாமலை நகரில் எம்.எஸ்சி. கணிதம் படித்தவள் போட்ட கணக்கு அது. ஐந்தாவது மாதம் அந்த டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், சீட்டும் அவரோடு போனது. எதையும் கேள்வி கேட்காமல் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பணம் போனதைவிட அந்தப் பெயர் போவது எனக்குப் பெரிதாக இருந்தது. அதனால் அப்பாவிடம் மீட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

பிறகு நடந்ததெல்லாம் நீ பார்த்ததுதான். மே மாத விடுமுறையில் ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு மஞ்சக்குப்பத்து பேங்குக்குப் போவேன். வட்டியை மட்டும் கட்டி, அதே செயினை இன்னொரு வருடத்துக்குத் திருப்பி வைப்பேன். அங்கிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போய், அசலின் நீளத்திலும் டிசைனிலும் ஒரு கவரிங் செயின் வாங்குவோம், ஏனென்றால் போன வருடத்துச் செயின் அதற்குள் வெளுத்திருக்கும். "வூட்டுக்காரருக்கே தெரியாதும்மா" என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்வதையே என்னிடமும் சொல்வார். நான் வேறு பக்கம் பார்ப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஒருமுறை, "அப்பா கண்டுபிடிச்சிட்டா இன்னாம்மா பண்ணுவ?" என்று கேட்டாய். "கண்டுபிடிக்க மாட்டாரு. மோட்டாரத் தவிர வேற எதையும் உத்துப் பாக்கத் தெரியாது உங்கப்பாவுக்கு" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். உனக்கு ஜன்னல் சீட்டும், கையில் ஒரு முறுக்குப் பொட்டலமும், அம்மாவோடு சேர்ந்து ஒரு ரகசியமும் இருந்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கு முகம் சுடுகிறது. ஒன்பது வருடம் அப்படிப் போனோம். கடைசியில், நீ கல்லூரி முடிக்கும் வருடம், என் சம்பள அரியர்ஸ் பணம் வந்து மீட்டேன். இடையில் தங்கம் விலை ஏறிக்கொண்டே போனதால் பேங்கும் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கும் புத்தி வரவில்லை. என் தப்பைத் தங்கத்தின் விலை மூடி மறைத்தது. உன் தப்பை மூடுவதற்கு அப்படி ஒன்றும் இல்லை. நமக்குள் வித்தியாசம் அவ்வளவுதான், நான் உன்னைவிடக் கெட்டிக்காரி என்பதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு வேலை கிடைத்த வருடம் அந்த வாஷிங் மெஷினை அனுப்பினாயே, அதை வேனிலிருந்து இறக்கிய மறுநாளே ஸ்டாஃப் ரூமில் சொல்லிவிட்டேன். நான் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை. "குடுத்து வெச்சவங்க டீச்சர் நீங்க" என்றார்கள். ஆறு மாதச் சம்பளக்காரன் இதை எப்படி வாங்கினான் என்று ஒரு நிமிடம் மனதில் ஓடியது. கேட்கவில்லை. போன வருடம் மூன்று மாதம் "வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று வீட்டுக்கு வந்து இருந்தாய். காலை ஒன்பதரைக்குச் சட்டை மாற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்காருவாய். நான் டீ வைக்க வரும்போதெல்லாம் திரையில் ஒரே பக்கம்தான் இருந்தது. அப்போது வேலை போயிருந்தது, இப்போதைய வேலை அதன்பிறகுதான் கிடைத்தது என்று புதன்கிழமைதான் சொன்னாய், ஆனால் எனக்கு அப்போதே சந்தேகம். அந்த மூன்று மாதமும் நீ வீட்டுச் செலவுக்கு என்று என் கையில் கொடுத்த ஐயாயிரம், ஐயாயிரம், அதுவும் கார்டில் எடுத்த பணம்தானே? வாங்கிக்கொண்டேன். கேட்டால் நீ உடைந்துவிடுவாயோ என்று பயந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், கேட்டால் நீயும் என்னைக் கேட்பாயோ என்றுதான் பயந்தேன்.

இனிச் செய்ய வேண்டியது. எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடமும், பேங்கில் இருந்து ரிட்டயரான பக்கத்துத் தெருக்காரர் ஒருவரிடமும் உன் பெயர் சொல்லாமல் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். முதலில் கார்டை வெட்டிப் போடு, போனில் சேமித்து வைத்திருப்பதையும் அழித்துவிடு. எந்தக் கார்டில் எவ்வளவு, வட்டி என்ன, கடைசியாகக் கட்டியது எப்போது என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுது. பிரித்துப் பிரித்துப் பார்ப்பதால்தான் அது சின்னதாகத் தெரிகிறது. ரூம் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று உண்மையான ஒரு தொகையைக் கண்டுபிடி. அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்காதே. நீயே கார்டு கொடுத்த பேங்குக்கு மெயில் எழுது: வேலை போனது, இப்போது சம்பளம் இவ்வளவு, மாதம் இவ்வளவுதான் முடியும், மொத்தத்தையும் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தாருங்கள் என்று. முதலில் மறுப்பார்கள், திரும்ப எழுது. பாதி கட்டினால் முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் ஆசை காட்டுவான். அப்படி முடித்தால் உன் கடன் வரலாற்றில் முழுதாகக் கட்டவில்லை என்று பல வருடம் நிற்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் அது எதிரில் வந்து நிற்கும். வேறு வழியே இல்லை என்றால் அதைச் செய்யலாம், ஆனால் பேங்கின் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் பணம். அதையும் கார்டு கணக்கில்தான் கட்ட வேண்டும், எவனுடைய போன் நம்பருக்கும் அனுப்பாதே. தேதி போடாத செக்கில் கையெழுத்துப் போடாதே. போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. ஜெயிலுக்கு அனுப்புவேன் என்று எவனாவது சொன்னால், கட்ட முடியாமல் போவது குற்றமல்ல என்று வக்கீல் சொன்னார் என்று சொல். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் குறித்து வை, புகார் கொடுக்க உதவும்.

இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். நான் சொல்ல நினைப்பது கயலைப் பற்றி. நாளை அவளைப் பார்க்கச் சிதம்பரம் போகிறாய், மோதிரம் எடுக்க. கடையில் அவள் ஒன்றைக் காட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள், நீ வேறு எதையாவது யோசித்துக்கொண்டு நிற்பாய். அண்ணாமலை நகரில் மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண் அவள். மருந்துச் சீட்டை இரண்டு தடவை படிக்காமல் ஒரு மாத்திரை கொடுக்க மாட்டாள், நானே நின்று பார்த்திருக்கிறேன். அவள் அப்பா குமராட்சியில் பயிர் செய்கிறவர். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறிய வருடங்களில் கடன் என்றால் என்ன என்று அந்த வீடு பார்த்திருக்கிறது. அதனால் புரிந்துகொள்வார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். பார்த்தவர்கள் பயப்படவும் செய்யலாம். அவள் வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கும், எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஆனால் சொல்லாமல் கட்டிக்கொண்டால், நீயும் வருடா வருடம் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பாய். நான் செயினை விற்றுச் சத்தமில்லாமல் அடைத்துவிட்டால் அந்த ரகசியத்தில் உன் கூட்டாளியாக நானும் உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு பஸ்ஸில் உன்னை ஏற்கெனவே ஒருமுறை உட்கார வைத்துவிட்டேன்.

அதனால் ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். செயினை விற்பதா வேண்டாமா என்பது இல்லை, அதற்கு இன்னும் விடை இல்லை. நாளைக் காலை அப்பாவிடம் இரண்டையும் சொல்லப்போகிறேன், உன்னுடையதையும் என்னுடையதையும். நீ சொல்லாதே என்றாய், மன்னித்துக்கொள். நான் என்னுடையதைச் சொல்லாமல் உன்னைச் சொல்லச் சொல்வது நியாயமில்லை. இன்று மாலையே உனக்குப் போன் செய்து இதை மட்டும் தெரிவிப்பேன். கயலிடம் சொல்வதும் சொல்லாததும் உன் கையில். நீ எதைச் செய்தாலும் சாப்பிட்டுவிட்டுச் செய். போனில் உன் குரல் மெலிந்திருந்தது.

உன் அம்மா

திங்கட்கிழமை, மதிய இடைவேளை. கவரை ஒட்டுவதற்கு முன்னால் நேற்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலை டீ குடிக்கும்போது சொன்னேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், குறுக்கே பேசவில்லை. உன் கடனைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "ஒம்போது வருஷமா?" என்றார். "ஆமாம்" என்றேன். "அவனுக்குத் தெரியுமா?" "கூடவே வருவான்." "அப்ப வூட்ல எனக்கு மட்டுந்தான் தெரியாது" என்றார். பிறகு என் கழுத்தைப் பார்த்தார். "இது எது?" என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அசல்தான். ரசீது இருக்கு, காட்டட்டுமா?" என்றேன். "வேணாம்" என்றார். நான் கழற்றி அவர் கையில் வைத்தேன். செப்புக் கம்பியை எடை பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மேசைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் கடைக்குப் போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை.

நாலு மணிக்கு நீ சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டாய். நாம் பேசியதை உனக்கே எழுதுவது வேடிக்கைதான், இருந்தாலும் எழுதுகிறேன். "சொல்லிட்டேம்மா" என்றாய். "இன்னா சொன்னா?" என்றேன். "எவ்ளோன்னு கேக்கல. எத்தினி கார்டுன்னுதான் மொதல்ல கேட்டா." "ரெண்டுன்னு சொன்னியா?" பஸ்காரர் கடலூர், கடலூர் என்று கத்துவது கொஞ்ச நேரம் கேட்டது. "மூணுன்னு சொன்னேம்மா" என்றாய். அவள் அழவில்லை என்றாய். உன் போனை வாங்கி மூன்று ஸ்டேட்மென்ட்டையும் தனக்கு அனுப்பிக்கொண்டாள், மோதிரம் இப்போது வேண்டாம், படித்துவிட்டுப் பேசுகிறேன் என்று வேலைக்குக் கிளம்பிவிட்டாள் என்றாய். என்னிடம் மறைத்ததை அவளிடம் சொல்லியிருக்கிறாய். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் இந்த வரிசை சரி என்றும் தோன்றியது.

போனை வைக்கும்போது அப்பா வந்து குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் துடைத்துக்கொள்ளும்வரைகூட நான் காத்திருக்கவில்லை. "கயல்கிட்ட சொல்லிட்டானாம். மூணாவது ஒரு கார்டு இருக்காம்" என்றேன்.

"அது எவ்ளோ?"

"கேக்கல."

துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "கேளு. கேட்டுட்டு எங்கிட்டயும் சொல்லு, டீச்சர்" என்றார்.